கேம்பர் வானின் நன்னீர்த் தாங்கி தானாக நிரம்பாதபோது: பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் எங்கள் கேம்பர் வான் நிற்கிறது. பழைய ரோசா பஸ் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில்கள், சிறிய சமையலிடம், கழுவுதொட்டி, 120 லீற்றர் நன்னீர்த் தாங்கி ஆகியவற்றைப் பொருத்தி அதை அமைத்தோம். வெளியிலிருந்து ஹோஸ் பைப்பைக் கொளுவிவிட்டால், தாங்கியின் மட்டம் குறைந்ததும் வால்வு தானாகத் திறந்து, நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு. திருகோணமலைக்குப் புறப்பட இருந்த ஒரு வார இறுதியில் அந்த ஏற்பாடு வேலை செய்ய மறுத்தது. வேலைத்தலம் ஒன்றில் காட்டியபோது முதலில் வால்வை மாற்றினார்கள். பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றினார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்தோம், ஆனால் தாங்கி நிரம்பவில்லை.

தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் மின்னியலாளராக இருந்த எங்கள் மாமா வந்து, எந்தக் கருவியையும் தொடாமல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: "தம்பி, வால்வடிக்குத் தண்ணி எவ்வளவு அழுத்தத்தோட வந்து சேருதெண்டு பாத்தனியோ?" யாரும் பார்த்திருக்கவில்லை. பிழையும் அங்கேதான் இருந்தது. எப்படி என்பதைக் கீழே உரிய இடத்தில் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஏற்பாட்டில் எந்த உதிரிப்பாகத்தையும் அளந்து பார்க்காமல் மாற்றக்கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எங்கள் வண்டியிலும் நண்பர்கள் சிலரின் வண்டிகளிலும் பின்பற்றி வரும் ஒழுங்கையே இங்கே எழுதுகிறேன்.

ஏற்பாடு எப்படி இயங்குகிறது

தாங்கி தானாக நிரம்புவதற்கு நான்கு காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். ஹோஸ் வழியாகத் தண்ணீர் போதிய அழுத்தத்துடன் வால்வு வரை வர வேண்டும். தாங்கிக்குள் இருக்கும் உணரி, அது மிதவையாக இருந்தாலும் உலோகக் கம்பிகளாக இருந்தாலும், நீர்மட்டத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைக் கேட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி 12 வோல்ட் மின்சாரத்தை வால்வுக்கு அனுப்ப வேண்டும். மின்சாரம் கிடைத்ததும் வால்வு திறந்து, நின்றதும் மூட வேண்டும். பெரும்பாலான பிழைகள் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் மற்ற மூன்றிலிருந்தும் பிரித்து, தனியாகச் சோதிக்கும் வழியை அறிந்துகொள்வதே முக்கியம்.

மிதவை ஒன்று மட்டுமே உள்ள எளிய ஏற்பாடுகளும் உண்டு. இரண்டு மட்டங்கள் உள்ள ஏற்பாடே நல்லது. கீழ்மட்டத்தில் நிரப்பத் தொடங்கி மேல்மட்டத்தில் நிறுத்தினால், தண்ணீர் சற்றே அலையும்போதெல்லாம் வால்வு திறந்து மூடிக்கொண்டிருக்காது. உங்கள் வண்டியில் வால்வு சில விநாடிகளுக்கு ஒருமுறை 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தால், அது பழுதாக இல்லாமல் ஒற்றை மிதவையின் இயல்பாகவே இருக்கலாம்.

தொடங்குவதற்கு முன்

மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர்கள், பத்து லீற்றர் வாளி, டோர்ச் லைட், ஒரு மீற்றர் நீளமுள்ள இரண்டு துண்டு வயர் ஆகியவை போதும். தண்ணீர் அழுத்தமானி ஒன்று கிடைத்தால் மிகவும் நல்லது. பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளில் குழாயில் நேரடியாகத் திருகக்கூடிய வகையைக் கேட்டுப் பாருங்கள்.

வண்டி 230 வோல்ட் மின்சாரத்தில் இணைக்கப்பட்டிருந்தால் முதலில் அந்த இணைப்பைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் உடலைத் தாக்காது என்றாலும், பற்றரியின் இரு முனைகளும் உலோகத்தால் தொடுக்கப்பட்டால் வயர் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றி வையுங்கள். எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பற்றரியை அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் ஈய அமிலப் பற்றரி நிறைந்திருந்தால் 12.6 வோல்டுக்கு மேல் காட்டும்; 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழ பாதி. 12 வோல்டுக்குக் கீழே என்றால் முதலில் பற்றரியைச் சார்ஜ் செய்துவிட்டு வாருங்கள். பலவீனமான பற்றரியில் செய்யும் சோதனைகள் எல்லாம் உங்களை வழிதவற வைக்கும்.

முதற்படி: பிழையின் முகத்தை அடையாளம் காணுங்கள்

தாங்கி நிரம்பவே இல்லையா, மிக மெதுவாக நிரம்புகிறதா, நிரம்பியும் நிற்காமல் வழிகிறதா, அல்லது வால்வு திறக்காதபோதும் மட்டம் உயர்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் மூன்றையும் யாரும் எளிதில் கவனிப்பார்கள். நான்காவதைப் பலர் மூன்றாவதோடு குழப்பிக்கொள்வதால், அதற்குத் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் படி: தண்ணீர் வருகிறதா, எவ்வளவு அழுத்தத்துடன் வருகிறது

வண்டியின் நுழைவாயிலிலிருந்து ஹோஸைக் கழற்றி, அதே ஹோஸின் முனையிலிருந்து பத்து லீற்றர் வாளியை நிரப்பி, எத்தனை விநாடிகள் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 50 விநாடிகள் என்றால் நிமிடத்துக்கு 12 லீற்றர். 120 லீற்றர் தாங்கி பத்து நிமிடத்தில் நிரம்ப வேண்டும். இந்த எண் பின்னாலும் தேவைப்படும்.

தண்ணீர் குறைவாக வந்தால், நுழைவாயிலுக்குள் இருக்கும் சிறிய வடிகட்டி வலையைக் கழற்றிப் பாருங்கள். பாதை வெட்டிக் குழாய் திருத்தும் வேலைகளுக்குப் பிறகும், தண்ணீர் வெட்டுக்குப் பிறகும் முதலில் வரும் தண்ணீர் மண்ணிறமாக இருப்பதைக் கொழும்பில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த மண்ணும் துருத் துகள்களும் இந்த வலையில்தான் வந்து நிற்கும். பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். வலையில் கிழிசல் இருந்தால் புதியது போடுங்கள். கிழிந்த வலை ஊடாகப் போகும் ஒரு மணற்துகள் வால்வு மூடிக்கொள்ளும் வாயில் சிக்கினால், தாங்கி வழிவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இப்போது மாமா கேட்ட கேள்விக்கு வருவோம். எங்கள் வாளி 50 விநாடிகளில் நிரம்பியது. தண்ணீர் தாராளமாக வருகிறது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் வாளி நிரம்பும் வேகம் தண்ணீரின் அளவைக் காட்டுமே தவிர, அழுத்தத்தைக் காட்டாது. எங்கள் முற்றத்துக் குழாய் நீர் வழங்கல் சபையின் குழாயிலிருந்து நேரே வருவதல்ல. கூரைக்கு மேலே உள்ள 1000 லீற்றர் தாங்கியிலிருந்து இறங்கி வருவது. அந்தத் தாங்கியின் நீர்மட்டம் நிலத்திலிருந்து நாலரை மீற்றர் உயரத்திலும், வண்டியின் வால்வு ஒரு மீற்றர் உயரத்திலும் இருந்தன. தண்ணீர் பத்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மூன்றரை மீற்றர் உயர வித்தியாசத்துக்கு 0.35 பார் மட்டுமே கிடைக்கும். கூரைத் தாங்கி பாதியாகக் குறைந்திருக்கும்போதும், வீட்டுக்குள் யாராவது குளிக்கும்போதும் அது இன்னும் குறையும். எங்கள் வால்வின் உடலில் 0.05 முதல் 0.8 மெகாபாஸ்கல் வரை என்று அச்சிடப்பட்டிருந்தது. 0.05 மெகாபாஸ்கல் என்பது 0.5 பார். அதாவது அந்த வால்வு திறப்பதற்குத் தேவையான ஆகக் குறைந்த அழுத்தமே எங்கள் குழாயில் இல்லை.

இது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சொலினாய்ட் வால்வுகளில் பெரும்பாலானவை தம் மின்காந்தத்தின் பலத்தால் முழு வழியையும் திறப்பதில்லை. மின்காந்தம் ஊசித்துளை போன்ற ஒரு சிறு வழியை மட்டும் திறக்கும். அந்தத் துளையால் ஏற்படும் அழுத்த வித்தியாசத்தைக் கொண்டு, உள்ளே இருக்கும் றப்பர் சவ்வை உயர்த்துவது தண்ணீரே. அழுத்தம் இல்லாவிட்டால் சவ்வு உயராது. 'டக்' என்ற சத்தம் கேட்கும், மின்காந்தத்தின் கம்பிச்சுருள் சூடாகும், ஆனால் நூல்போல ஒரு ஒழுக்கு மட்டுமே வரும். சவ்வு திரும்ப மூடுவதற்கும் இதே அழுத்த வித்தியாசம்தான் உதவுகிறது என்பதால், குறைந்த அழுத்தத்தில் சில வால்வுகள் முழுமையாக மூடாமல் கசிந்துகொண்டும் இருக்கும். புதிய வால்வு போட்டாலும் அதே வகையாக இருந்தால் அதே விளைவுதான். எங்கள் பணம் வீணானது இப்படித்தான்.

கொழும்பில் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தும் எல்லோரும் இதை முதலில் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இங்கே மிகப் பல வீடுகளில் குளியலறைக் குழாயும் தோட்டத்துக் குழாயும் கூரைத் தாங்கியிலிருந்தே வருகின்றன. தண்ணீர் மீற்றருக்கு அருகே உள்ள குழாய் பெரும்பாலும் நேரடி இணைப்பாக இருக்கும். அதில் ஹோஸைக் கொளுவிப் பாருங்கள். அப்போது வால்வு சரியாகத் திறந்தால் பிழை வண்டியில் இல்லை. நேரடிக் குழாய் இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும் நேரடி இயக்க சொலினாய்ட் வால்வு. அதன் உடலில் அழுத்த எல்லை 0 இலிருந்து தொடங்கும். மற்றையது, 12 வோல்ட் மோட்டரால் திரும்பும் பந்து வால்வு. நான் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன். அது திறப்பதற்குச் சில விநாடிகள் எடுக்கும், ஆனால் வழி முழுவதும் திறக்கும். வாங்கும்போது ஒரு விடயத்தை மறக்காமல் கேளுங்கள். சாதாரண மோட்டர் வால்வு மின்சாரம் நின்றால் நின்ற நிலையிலேயே நின்றுவிடும். திறந்த நிலையில் பியூஸ் போனால் தாங்கி வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே மின்சாரம் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் வகையையே வாங்க வேண்டும்.

மாறாக, நேரடிக் குழாயில் அழுத்தம் மிகக் கூடுதலாகவும் இருக்கலாம். 4 பாருக்கு மேல் அழுத்தமானி காட்டினால், வண்டியின் பிளாஸ்டிக் இணைப்புகளைப் பாதுகாக்க நுழைவாயிலில் ஓர் அழுத்தக் குறைப்பியைப் பொருத்துங்கள்.

மூன்றாம் படி: உணரி உண்மை சொல்கிறதா

தாங்கி வெறுமையாக இருக்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி 'நிரம்பியது' என்று காட்டினால், அல்லது நிரம்பியபோது 'வெறுமை' என்று காட்டினால், இந்தப் படியில்தான் பிழை. மிதவை வகையாக இருந்தால் தாங்கியின் மூடியைத் திறந்து, மிதவையைக் கையால் உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அதன் இரு வயர்களிலும் பிடித்தால், ஒரு நிலையில் 0 ஓமுக்கு அருகிலும் மற்ற நிலையில் முடிவிலியும் காட்ட வேண்டும். இரு நிலைகளிலும் 0 காட்டினால் உள்ளே உள்ள மெல்லிய தொடுகைகள் ஒட்டிப்போய்விட்டன. ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் வால்வின் மின்னோட்டத்தை மிதவையின் வழியாகவே ஓடவிட்ட வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். சுருளில் மின்சாரம் நிற்கும் கணத்தில் எதிர்த்திசையில் உயர் வோல்ட் எழும்பித் தொடுகையில் தீப்பொறி பறக்கும்; அந்தத் தீப்பொறியே தொடுகைகளை உருக்கி ஒட்டவைக்கிறது. புதிய மிதவை போடும்போது ஒரு ரிலேயையும் சேருங்கள். வால்வுச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் 1என்4007 டயோட் ஒன்றை, வெள்ளைக் கோடு உள்ள பக்கம் நேர்முனையில் இருக்கும்படி பொருத்துங்கள். மிகச் சிறிய செலவில் மிதவையின் ஆயுள் பல மடங்கு நீளும். டயோடைத் தலைகீழாகப் பொருத்தினால் பியூஸ் எரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பி வகை உணரியில் மூன்று துருப்பிடிக்காத கம்பிகள் இருக்கும்: பொதுக்கம்பி, கீழ்மட்டக் கம்பி, மேல்மட்டக் கம்பி. தண்ணீர் அவற்றைத் தொடும்போது சிறிதளவு மின்சாரம் பாயும். அதைக்கொண்டே பெட்டி மட்டத்தை அறிகிறது. இதைச் சோதிக்கும் வழி மிக எளிது. தாங்கியிலிருந்து வரும் வயர்களைப் பெட்டியில் கழற்றிவிட்டு, எதையும் இணைக்காமல் விடுங்கள்; பெட்டி தாங்கி வெறுமை என்று எண்ணி வால்வைத் திறக்க வேண்டும். பிறகு மூன்று முனைகளையும் ஒரு வயர்த்துண்டால் ஒன்றாகத் தொடுங்கள். வால்வு மூட வேண்டும். இரண்டும் நடந்தால் பெட்டி நலம், பிழை கம்பிகளில் அல்லது அவற்றின் வயர்களில் என்று உறுதியாகச் சொல்லலாம்.

கம்பிகள் ஏன் பொய் சொல்கின்றன என்பதற்கு நாம் எங்கே பயணம் செய்தோம் என்பதும் ஒரு காரணம். கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுவது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. அது மென்னீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீரோ சுண்ணக்கல் படுக்கையிலிருந்து வருவதால் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போலவே உங்கள் கம்பிகளிலும் படியும். அந்தப் படிவம் கம்பியை மூடிவிட்டால் தண்ணீர் தொட்டாலும் பெட்டிக்குத் தெரியாது, தாங்கி வழியும். கம்பிகளை வெளியே எடுத்து, வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எதிர்மாறான பிழையும் உண்டு: தாங்கியின் உட்புற மேற்பகுதியில் வழுவழுப்பான பாசி படர்ந்து கம்பிகளை ஈரத்தால் இணைத்துவிட்டால், தாங்கி வெறுமையாக இருந்தாலும் 'நிரம்பியது' என்றே காட்டும். துணியால் துடைத்தால் தீரும், ஆனால் அது தாங்கி முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி.

வண்டி சரிவில் நிற்பதையும் கவனியுங்கள். எங்கள் ஒழுங்கை கடலை நோக்கிச் சரிகிறது. 1.2 மீற்றர் நீளமுள்ள தாங்கி 3 பாகை சரிந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே நீர்மட்டம் 6 சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபடும். தாங்கியின் உயரமே 30 சென்ரிமீற்றர் என்றால் அது ஐந்தில் ஒரு பங்கு. உணரி ஒரு முனையில் இருந்தால், எந்தப் பழுதும் இல்லாமலேயே தாங்கி அரைகுறையாக நிற்கும் அல்லது மறுமுனையால் வழியும். சில்லின் கீழ் பலகை வைத்து வண்டியை மட்டப்படுத்திவிட்டு மீண்டும் பாருங்கள்.

நான்காம் படி: மின்சாரம் வால்வைச் சென்றடைகிறதா

பியூஸை முதலில் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். அதுவும் எரிந்தால் சுருளிலோ வயரிலோ குறுஞ்சுற்று இருக்கிறது. கூடுதல் அம்பியர் பியூஸ் போட்டு ஓட்டுவது மரப்பலகையால் ஆன ஒரு வண்டிக்குள் செய்யக்கூடிய காரியமல்ல.

பெட்டி 'நிரப்பு' என்று கட்டளையிடும் நிலையில், வால்வின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரைப் பிடித்து, வயர் இணைக்கப்பட்டபடியே அளவிடுங்கள். வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் பழுதான இணைப்பும் 12 வோல்ட் காட்டும். சுமையோடு அளக்கும்போதுதான் உண்மை தெரியும். பற்றரியில் 12.5 வோல்ட் இருக்க வால்வில் 10.8 மட்டுமே கிடைத்தால், இடையில் 1.7 வோல்ட் எங்கோ இழக்கப்படுகிறது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் போய்வர மொத்தம் பத்து மீற்றர் தூரம் 1 அம்பியர் ஓடினால் இழப்பு 0.12 வோல்ட் அளவுதான்; ஆகவே பழி வயரில் அல்ல, இணைப்புகளில். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையில் வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பியூஸ், சுவிட்ச், ரிலே, வால்வு என்று ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திச் செல்லுங்கள். அளவு திடீரென்று எங்கே உயர்கிறதோ அங்கே பிழை. பிறகு எதிர்முனைப் பக்கத்திலும் அதேபோலச் செய்யுங்கள்.

கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இந்தப் பிழையே மிக அதிகம். மரைன் டிரைவில் இரண்டு மாதங்கள் நிறுத்தி வைத்த வண்டியின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் உடலில் திருகப்பட்ட எர்த் இணைப்புதான் முதலில் கெடும். திருகைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

கட்டளை நிலையில் மின்சாரமே வராவிட்டால் ரிலேயைக் கேட்டுப் பாருங்கள். 'டக்' என்ற சத்தம் வந்தும் வெளியே மின்சாரம் இல்லையென்றால் ரிலேயின் தொடுகை தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல், மூன்றாம் படியின் சோதனைகளுக்கும் பெட்டி அசையாவிட்டால், பெட்டிக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் மட்டுமே பெட்டியை மாற்ற எண்ணலாம்.

ஐந்தாம் படி: வால்வு கீழ்ப்படிகிறதா

சொலினாய்ட் வால்வின் வயர்களைக் கழற்றி, சுருளின் தடையை அளவிடுங்கள். 12 வோல்டில் 8 வாட் எடுக்கும் சுருள் 18 ஓம் காட்டும். பொதுவாக 15 முதல் 40 ஓம் வரை எதிர்பார்க்கலாம். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. சில ஆயிரம் ஓம் காட்டினால், கையில் இருப்பது சலவை இயந்திரத்தின் 230 வோல்ட் வால்வு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், புறக்கோட்டையில் அவசரத்தில் வாங்கும்போது மாறிப்போவது எளிது. அதில் 12 வோல்ட் கொடுத்தால் எதுவும் அசையாது. கடையிலேயே மல்டிமீட்டரால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

தடை சரியாக இருந்தால், பியூஸ் உள்ள ஒரு வயரால் வால்வைப் பற்றரிக்கு நேரே இணைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சுருளின் மேல் வைத்தால் காந்தம் இழுப்பதை உணரலாம். இழுத்தும், அழுத்தம் போதுமாக இருந்தும், தண்ணீர் வராவிட்டால் வால்வைப் பிரித்துச் சவ்வையும் ஊசித்துளையையும் கழுவுங்கள். வால்வின் உடலில் உள்ள அம்புக்குறி தாங்கியை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். திருப்பிப் பூட்டிய வால்வு ஒழுங்காகத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை.

தாங்கி நிற்காமல் வழியும்போது

நிரம்பாத தாங்கி சிரமம் மட்டுமே தரும். வழியும் தாங்கி தரைப்பலகையையும் மெத்தையையும் நனைத்து, வயர்களுக்குள் இறங்கி, வண்டியையே கெடுத்துவிடும். ஆகவே முதலில் குழாயைக் கையால் மூடுங்கள்.

பிறகு வால்வின் வயரைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறவுங்கள். மின்சாரம் இல்லாத வால்வு ஊடாகத் தண்ணீர் போனால், சவ்வின் கீழ் துகள் சிக்கியிருக்கிறது, அல்லது மேலே சொன்னதுபோல அழுத்தம் போதாது. தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நலம். உணரியோ ரிலேயோ தான் நிறுத்தும் கட்டளையைக் கொடுக்கவில்லை.

ஆனால் தாங்கிக்குள் நிரப்பும் குழாயின் வாயில் ஒரு துளிகூட விழாமல் மட்டம் மட்டும் உயர்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? வெளித்தண்ணீரை நேரடியாகக் குழாய்களுக்கு அனுப்பும் இணைப்பும் உள்ள வண்டிகளில் இதைக் காணலாம். அந்த இணைப்பின் அழுத்தம் தாங்கிக்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது, தாங்கித் தண்ணீரைக் குழாய்களுக்கு அனுப்பும் பம்பின் உள்ளே உள்ள ஒருவழி வால்வு. அது தேய்ந்தால் தண்ணீர் பம்பின் ஊடாகப் பின்னோக்கிச் சென்று தாங்கியை நிரப்பும். எங்கள் நண்பர் ஒருவர் இதை அறியாமல் நிரப்பும் வால்வை மாற்றியிருந்தார். சோதிப்பதற்கு, தாங்கிக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாயைத் தாங்கிப் பக்கத்தில் கழற்றி ஒரு கிண்ணத்துக்குள் விட்டு, பம்பை நிறுத்தி வைத்து, வெளித்தண்ணீரைத் திறவுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பம்பை மாற்ற வேண்டியதில்லை. பம்புக்கு அடுத்து தனியாக ஓர் ஒருவழி வால்வைப் பூட்டினால் போதும்.

காற்றுக்குழாயும் வழிகுழாயும்

தண்ணீர் உள்ளே வர, காற்று வெளியே போக வேண்டும். நிரப்பும்போது தாங்கியின் பக்கங்கள் வீங்கினாலோ, தண்ணீர் நுழைவாயிலால் திரும்பிக் கக்கினாலோ, காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது. நீண்டநாள் நின்ற வண்டிகளில் குளவி மண்கூடு கட்டி அதை அடைத்திருப்பது வழக்கம். மெல்லிய வயரால் குத்தித் திறந்து, முனையில் நுண்வலை கட்டுங்கள். அந்த வலை நுளம்பையும் தடுக்கும். கொழும்பில் டெங்கு எப்போதும் கவலைக்குரியது. வழிகுழாயிலிருந்து விழும் தண்ணீர் வண்டியின் கீழ் தேங்காமல் காணுக்குள் போகிறதா என்றும் பாருங்கள். வழிகுழாயின் விட்டம் நிரப்பும் குழாயின் விட்டத்தை விடச் சிறிதாக இருக்கக் கூடாது. எல்லாத் தடுப்பும் தவறினாலும் தண்ணீர் வெளியே போக அது ஒன்றுதான் வழி.

திருத்திய பின்

தாங்கியைத் திறந்தோம், கை வைத்தோம் என்பதால் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோரின் திரவத்தை 100 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் வீதம் தண்ணீரில் கலந்து நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் விடுங்கள். பிறகு முழுவதையும் வெளியேற்றி, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். வினாகிரியோ தேசிக்காயோ பாவித்திருந்தால் அது முற்றாகக் கழுவப்பட்ட பிறகே குளோரினைச் சேர்க்க வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வெளியேறும்.

கடைசியாக, தாங்கியைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிவிட்டு, ஏற்பாட்டைத் தானாக ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று மணிக்கூட்டைப் பாருங்கள். எங்கள் வண்டியில் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டம் வரை 84 லீற்றர். நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் 7 நிமிடங்கள். பெட்டியில் உச்ச நேரம் அமைக்கும் வசதி இருந்தால், அந்த நேரத்தைவிடச் சிறிது கூட்டி அமையுங்கள். நான் 10 நிமிடமாக வைத்திருக்கிறேன், அதற்குள் மேல்மட்டம் எட்டாவிட்டால் பெட்டி வால்வை மூடிவிடும். அந்த வசதி இருந்தாலும், ஹோஸைத் திறந்தபடி விட்டுவிட்டு நித்திரைக்கோ வெளியிலோ போகாதீர்கள். அளந்த எண்களை, அதாவது வாளி நிரம்பிய விநாடிகள், குழாயின் அழுத்தம், சுருளின் தடை, சுமையோடு வால்வில் கிடைத்த வோல்ட், நிரம்ப எடுத்த நிமிடங்கள் ஆகியவற்றை, திகதியோடு ஒரு தாளில் எழுதி, கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை தாங்கி நிரம்ப மறுக்கும்போது, எந்த எண் மாறியிருக்கிறதோ அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.